டன்னுக்கு எத்தனை கிராம்?

(தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



உள்ளே நுழையும்போதே ஓர் அண்ணன் என் கையில் இரண்டு தாள்களைத் திணித்துவிட்டார். "பொண்ணு இன்ஜினியரிங் சேர்ந்திருக்கு தம்பி. கம்ப்யூட்டர் வேணுமாம். நேத்து ரயில்ல போயி பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல ரெண்டு கடையில கொட்டேஷன் வாங்கினேன். எதை வாங்கறதுன்னு சொல்லிட்டு அப்புறமா பேசு" என்றார். மூன்று நாளாக நான் எழுதிவைத்த குறிப்புகளில் இருப்பதைவிட இந்த இரண்டு தாள்களில் விஷயம் அதிகம். அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். முதலில் பேச்சு, பிறகு பதில். நடுவிலேயே உங்களுக்குப் பதில் பிடிபட்டுவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

முதல் தாளில் இருப்பது இது: "ஐ7 ப்ராசஸர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கேபினெட், கீபோர்டு, மவுஸ். 15,000 ரூபாய்." இரண்டாவது தாள்: "ரைசன் 5 5600ஜி, பி450 போர்டு, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 450 வாட் எஸ்எம்பிஎஸ், கேபினெட், கீபோர்டு, மவுஸ். 38,000 ரூபாய்." மானிட்டர் இரண்டிலும் சேரவில்லை.

ஏழு பெரியதா, ஐந்து பெரியதா? அண்ணனின் சந்தேகம் இதுதான். ஏழு பெரியது, விலையும் பாதிக்குக் கீழே. அப்புறம் எதற்கு யோசிக்கிறார்? இந்த ஊரில் பிறந்தவர், அதனால் யோசிக்கிறார். மலிவாகக் கிடைக்கிற பாறையில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

முன்வரிசையில் மைன்ஸில் வேலை பார்த்த பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். என் அப்பாவும் உங்களோடு கீழே இறங்கியவர்தான். நல்ல பாறை எது என்று வெளியூர்க்காரனிடம் கேட்டால், தங்கம் நிறைய இருக்கிற பாறை என்பான். உங்களிடம் கேட்டால் நீங்கள் திருப்பி நாலு கேள்வி கேட்பீர்கள். டன்னுக்கு எத்தனை கிராம்? எவ்வளவு ஆழத்தில்? மேலே கொண்டுவர என்ன செலவு? இன்றைக்குத் தங்கம் என்ன விலை? ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் இங்கே வேலை தொடங்கியபோது டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசி வருஷங்களில் 3 கிராமுக்கும் கீழே போய்விட்டது. அதற்காக 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் இறைக்க வேண்டும், சூடான பாறைக்கு நடுவே காற்றைக் குளிரவைத்து அனுப்ப வேண்டும். 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். உள்ளே தங்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. ஒரு கிராமை மேலே கொண்டுவருகிற செலவு அந்த ஒரு கிராமின் விலையைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதே கணக்கு இன்று திரும்பி வருவதையும் பார்க்கிறோம். நம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற சயனைடு மலைகளில், தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. 2001-ல் அதைக் குப்பை என்றார்கள். தங்கம் விலை ஏறியதும் அதை மறுபடி அரைக்கலாமா என்று அரசாங்கமே பேசுகிறது. மண் அப்படியேதான் கிடக்கிறது, ஏறியது தங்கத்தின் விலை.

ப்ராசஸரை எடைபோடுவதும் இந்தக் கணக்குதான் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

முதலில் வேகம். கடைக்காரர் ஜிகாஹெர்ட்ஸ் என்பார். ஷாஃப்டில் பாறை ஏற்றுகிற ஸ்கிப் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்கிற கணக்கு அது. ஏறுகிற ஒவ்வொரு ஸ்கிப்பிலும் தங்கம் எவ்வளவு என்பது தனிக் கணக்கு. இரண்டையும் பெருக்கினால்தான் அன்றைக்கு எடுத்தது தெரியும். ப்ராசஸரிலும் அப்படியே: ஒரு நொடிக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை. முதல் எண்ணைப் பெட்டிமேல் அச்சடிப்பார்கள். இரண்டாவது எண் எந்தப் பெட்டியிலும் இருக்காது.

ஒரு காலத்தில் முதல் எண்ணை மட்டும் பார்த்தால் போதுமாக இருந்தது. 1981-ல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெலின் 8088-ஐ எடுத்தது. ஒரே கம்பெனியை நம்பி இருக்க ஐபிஎம்முக்கு மனமில்லை, இன்னொருவரும் அதே சரக்கைச் செய்துதர வேண்டும் என்றது. அப்படித்தான் 1982-ல் ஏஎம்டிக்கு உரிமம் கிடைத்தது. இன்று நாம் பார்க்கிற போட்டி முழுக்க, வாங்குகிறவர் ஒருவர் பிடிவாதம் பிடித்ததால் பிறந்தது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1991-ல் இன்டெலின் 386 உச்சமாக 33 மெகாஹெர்ட்ஸில் ஓடியபோது ஏஎம்டி தன் 386-ஐ 40-ல் ஓட்டிக் காட்டியது. இரண்டும் ஒரே வடிவமைப்பு, ஒரே பாறை. அதனால் 40 பெரியது என்றால் பெரியதுதான்.

பிறகு ஏஎம்டி தன் சொந்த வடிவமைப்புக்குப் போனது. அங்கிருந்து கணக்கு சிக்கலானது. 2000 மார்ச்சில் ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்ற கோட்டை ஏஎம்டியின் ஏத்லான் முதலில் தொட்டது. இரண்டே நாளில் இன்டெலும் தொட்டது. தோற்ற அந்த இரண்டு நாள் கசப்போ என்னவோ, அதே வருஷம் நவம்பரில் இன்டெல் பென்டியம் 4-ஐ 1.4, 1.5 ஜிகாஹெர்ட்ஸில் இறக்கியது. வாங்கியவர்கள் சோதித்துப் பார்த்தபோது, சில வேலைகளில் ஒரு ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதை முந்தியது.

காரணம் சொல்கிறேன். வேலையைக் கைமாற்றிக் கைமாற்றி அனுப்புகிற வரிசை ஒன்று ப்ராசஸருக்குள் இருக்கிறது. பென்டியம் 3-ல் அந்த வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள் என்று வையுங்கள். பென்டியம் 4-ல் இருபது பேரை நிறுத்தினார்கள். ஆளுக்குக் கொஞ்ச வேலை, அதனால் கூடை வேகமாகக் கைமாறும், துடிப்பு எண்ணிக்கை கூடும். ஆனால் நிரலில் அடிக்கடி "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா" என்று ஒரு முச்சந்தி வரும். ப்ராசஸர் ஊகித்துக்கொண்டு ஒரு பக்கம் கூடைகளை அனுப்ப ஆரம்பிக்கும். ஊகம் தப்பினால் வரிசையில் இருக்கிற அத்தனை கூடையையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீளமானால் நஷ்டமும் நீளம். 2004-ல் வந்த பென்டியம் 4-ல் அந்த வரிசை 31 ஆனது. துடிப்பும் ஏறியது, சூடும் ஏறியது, கிராம் மட்டும் ஏறவில்லை. 4 ஜிகாஹெர்ட்ஸ் கொண்டுவருகிறோம் என்று அறிவித்ததை அந்த அக்டோபரில் கைவிட்டார்கள். அப்போதைய தலைவர் கிரேக் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் முட்டிபோட்டு, பாதி விளையாட்டாக மன்னிப்புக் கேட்டார்.

ஏஎம்டி என்ன செய்தது? எங்கள் ஸ்கிப் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் தங்கம் அதிகம் என்று விளக்கிக்கொண்டிருந்தால் கடையில் யார் நின்று கேட்பார்கள்? 2001-ல் ஏத்லான் எக்ஸ்பி 1800+ என்று பெயர் வைத்தார்கள். உண்மையான துடிப்பு 1.53 ஜிகாஹெர்ட்ஸ். பழைய ஏத்லானோடு ஒப்பிட்டுக் கொடுத்த எண் என்று ஏஎம்டி சொன்னது. வாங்கியவர்கள் எல்லோரும் பென்டியம் 4-ன் 1.8-க்குச் சமம் என்றே எடுத்துக்கொண்டார்கள், அது ஏஎம்டிக்கும் தெரியும். பொய்யா என்று கேட்டால், உள்ளே இருந்த வேலைத்திறனைப் பார்த்தால் பொய்யில்லை. ஆனால் ப்ராசஸரின் பெயரில் இருக்கிற எண் அளவாக இல்லாமல் பெயராக மாறிவிட்டது. ஐ3, ஐ5, ஐ7, ரைசன் 5, ரைசன் 7 எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

துடிப்பு ஏறாது என்று ஆனதும் கருக்களின் எண்ணிக்கைக்குத் தாவினார்கள். கோர் என்று நாம் சொல்வது. ஒரு பெட்டிக்குள் இரண்டு ப்ராசஸர், நான்கு, எட்டு. இங்கேயும் மைன்ஸ் கணக்குதான். எட்டு இடத்தில் பாறை வெட்டலாம், ஆனால் மேலே வர ஒரே ஷாஃப்ட் என்றால்? வெட்டுகிற இடத்தைப் பதினாறு ஆக்கினாலும் ஷாஃப்ட் வாசலில் பாறை குவியும். ஜீன் ஆம்டால் என்பவர் 1967-லேயே இதைக் கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு வேலையில் பாதி பிரித்துச் செய்ய முடியாதது என்றால், ஆயிரம் கரு போட்டாலும் இரண்டு மடங்கைத் தாண்ட முடியாது. வீடியோ எடிட் செய்து ஏற்றுமதி செய்வது, முப்பரிமாணப் படம் வரைவது, பெரிய நிரலைத் தொகுப்பது ஆகியவற்றை நன்றாகப் பிரிக்கலாம். டேலியில் பில் போடுவது, எக்செல், வலைப்பக்கம், பெரும்பாலான வரைபட மென்பொருள் ஆகியவற்றில் ஒரு கருவின் வேகம்தான் பேசும்.

கரு எண்ணிக்கையிலும் விவகாரம் நடந்தது. 2011-ல் ஏஎம்டி எஃப்எக்ஸ் 8150-ஐ எட்டுக் கரு என்று விற்றது. இரண்டு இரண்டு கருவுக்கு, புள்ளி வைத்த எண்களைக் கணக்கிடுகிற பகுதி ஒன்றே. இரண்டு கேங்குக்கு ஒரே டிரில்லிங் மெஷின் கொடுத்தமாதிரி. நான்கு கரு கொண்ட இன்டெல் ஐ5 2500கே பல வேலைகளில் அதை முந்தியது. எட்டு என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2019-ல் 1.21 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இன்னும் ஒன்று, அதைப் பற்றித்தான் எனக்கு ஆசையாகப் பேச வேண்டும்: தூரம். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை முகத்துக்குப் போக ஒரே கேஜில் இறங்க முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொரு ஷாஃப்டில் மாறி இறங்க வேண்டும். ஒரு சாமானைக் கீழே மறந்துவிட்டு வந்தால் அன்றைய ஷிஃப்டே போச்சு என்று அப்பா சொல்வார். ப்ராசஸருக்கு ராம் என்பது அந்தத் தூரத்தில் இருக்கிறது. 4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பு என்பது நானோ நொடியில் கால் பங்கு. ராமிலிருந்து ஒரு தகவல் வர சுமார் 80 நானோ நொடி. அதாவது 320 துடிப்பு சும்மா நிற்க வேண்டும். அதனால்தான் அடிக்கடி தேவைப்படுவதை ப்ராசஸருக்குள்ளேயே ஒரு சின்னக் கிடங்கில் வைக்கிறார்கள். கேஷ் என்கிறோம். 1998-ல் இன்டெல் முதல் செலரானை அந்தக் கிடங்கின் இரண்டாம் நிலையே இல்லாமல் மலிவாக விற்றது, எல்லோரும் சிரித்தார்கள். அதே வருஷம் 128 கிலோபைட் மட்டும் சேர்த்து 300ஏ என்று ஒன்றை விட்டது. அதை வாங்கி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பழைய காதலைப்போலப் பேசுவார்கள். 2022-ல் ஏஎம்டி 5800எக்ஸ்3டி என்ற ப்ராசஸரில் கிடங்கை மாடி வைத்துக் கட்டியது, மொத்தம் 96 மெகாபைட். மாடி இல்லாத 5800எக்ஸைவிட அதன் துடிப்பு குறைவு. விளையாட்டுகளில் தூக்கியடித்தது. கணக்குப் பதிவிலும் டைப் அடிப்பதிலும் அந்த மாடிக் கிடங்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

ஆகவே "எது வேகம்" என்பதற்கு ஒரே பதில் கிடையாது என்று ஆகிறது. சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனையிலும் விழிப்பாக இருக்க வேண்டும். 1965-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் நம் சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்குக் கீழே கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கிற நியூட்ரினோவைப் பிடித்தார்கள். மேலே வைத்தால் வானத்திலிருந்து கொட்டுகிற மற்ற துகள்களின் இரைச்சலில் அது தெரியாது. அளக்கிற பொருளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிட்டு அளந்தார்கள். ப்ராசஸர் ஒப்பீட்டிலும் ராம், போர்டு, குளிர்விப்பான், அறைச் சூடு, பின்னால் ஓடுகிற ஆன்ட்டிவைரஸ் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் நீங்கள் ப்ராசஸரை அளக்கிறீர்கள். கம்பெனிகள் போடுகிற வரைபடங்களில் அடிக்கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். பூஜ்யத்தில் தொடங்கினால் 100-க்கும் 105-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 95-ல் தொடங்கினால் 105 இரண்டு மடங்காக நிற்கும்.

இந்த ஊருக்கே உரிய இரைச்சல் ஒன்று உண்டு. ஆடிக் காற்றில் சயனைடு மலையிலிருந்து பறக்கிற மாவுபோன்ற தூசி. என்னிடம் பழுதுக்கு வருகிற கம்ப்யூட்டர்களில் "முன்னமாதிரி வேகம் இல்லை" என்ற புகாரோடு வருவதில் பாதிக்கு நான் செய்கிற வைத்தியம் ஒன்றே: ஹீட்சிங்கைக் கழற்றி ஊதி, பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவுவது. தூசி அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் ப்ராசஸர் தானே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். புது ப்ராசஸர் வாங்கக் காசு எண்ணிக்கொண்டிருந்த ஒருவரை நூறு ரூபாய் பேஸ்டோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நல்ல வியாபாரி செய்கிற காரியமா என்று வீட்டில் கேட்டார்கள்.

இப்போது விலைக்கு வருவோம். இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு ப்ராசஸர் 10,000 ரூபாய், வேலைத்திறன் 100 என்று வைப்போம். இன்னொன்று 20,000 ரூபாய், வேலைத்திறன் 150. ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு? முதலாவது 10, இரண்டாவது 7.5. முதலாவதுதான் லாபம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் ப்ராசஸரைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் வேலை செய்வதில்லை. போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 25,000 ஆகிறது. இப்போது முதல் கம்ப்யூட்டர் 35,000-க்கு 100, ஆயிரத்துக்கு 2.86. இரண்டாவது 45,000-க்கு 150, ஆயிரத்துக்கு 3.33. கணக்கு தலைகீழாகிவிட்டது. டன்னுக்கு இத்தனை கிராம் என்று பாறையை மட்டும் பார்த்து, ஷாஃப்டையும் பம்பையும் மறந்தவன் கணக்கு முதல் கணக்கு.

பக்கத்துச் சாமான் விலை எப்படி ஆட்டிவைக்கும் என்பதை 2025 கடைசியில் கண்ணால் பார்த்தோம். ஏஐ மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை மளமளவென்று ஏறியது. புதிய டிடிஆர்5 மட்டும் ஏற்கிற ப்ராசஸர்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொத்தக் கணக்கில் பின்தங்கின. வீட்டில் டிடிஆர்4 ராம் வைத்திருந்தவர்களுக்குப் அதை ஏற்கிற பழைய ஏஎம்4 போர்டு திடீரென்று புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. நம் சயனைடு மலை கதைதான். ப்ராசஸர் மாறவில்லை.

போட்டி இருக்கிறதா என்பதும் விலைக்குள் இருக்கிறது. 2007-க்குள்ளேயே நான்கு கரு ப்ராசஸர் சாதாரணக் கடைக்கு வந்துவிட்டது. 2017 தொடக்கத்தில் இன்டெல் விட்ட ஐ7 7700கே-யிலும் நான்குதான். பத்து வருஷம்! எட்டுக் கரு வேண்டும் என்றால் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வேறு வரிசைக்குப் போக வேண்டும். அந்த மார்ச்சில் ஏஎம்டி ரைசன் 7 1800எக்ஸை எட்டுக் கருவோடு 499 டாலருக்கு இறக்கியது. அக்டோபருக்குள் இன்டெலின் ஐ7 ஆறு கருவாகிவிட்டது. அதற்குமுன் ஆறைச் செய்யத் தெரியாமலா இருந்தார்கள்? நான் எந்தக் கம்பெனிக்கும் ரசிகன் இல்லை. ரசிகனாக இருக்க விரும்புகிறவர்கள் தோற்கிற கம்பெனிக்கு ரசிகர்களாக இருங்கள், உங்கள் பாக்கெட்டுக்கு நல்லது.

மின்சாரம். இதைப் பார்க்காமல் மெஷின் வாங்குவது நம் ஊருக்கு அழகில்லை. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905-ல்தான். கம்பெனிக்காரன் நம் மேல் உள்ள பாசத்திலா அந்த மின்சாரத்தை வாங்கினான்? நீராவி இன்ஜினோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்து வாங்கினான். நாமும் போடுவோம். ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைவிட 60 வாட் கூடுதலாகத் தின்கிறது, தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள். 144 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் ஏறக்குறைய 1,000 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு 5,000. மாணவர் ஒருவருக்கு இது பெரிய தொகையில்லை என்பீர்கள், சரி. இருபது கம்ப்யூட்டர் போடுகிற டைப்பிங் சென்டருக்கு வருஷத்துக்கு 20,000.

பெயரில் இருக்கிற கண்ணிவெடிகளையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் சொந்தக்காரப் பையன் ஒருவனுக்காக ஒரு ப்ராசஸர் வாங்கினேன். அதே எண்ணுள்ள இன்னொன்றைவிட ஆயிரம் ரூபாய் குறைவு. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசி ரயிலில் வந்து ராத்திரியோடு ராத்திரியாக மாட்டினோம். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமில்லை. ராமைக் கழற்றி மாட்டினேன், கேபிளை மாற்றினேன், மானிட்டரைப் பழித்தேன். விடிகாலை மூன்று மணிக்குப் பெட்டியைத் திரும்பப் பார்த்தால் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்று ஓர் எழுத்து. எஃப் என்றால் உள்ளே படம் காட்டுகிற பகுதி கிடையாது, தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். ஏஎம்டியில் எண்ணுக்குப் பின்னால் ஜி என்று இருந்தால் நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிறவன், ஓர் எழுத்தைப் படிக்காமல் ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்த கதை இது.

சரி அண்ணே, உங்கள் தாளை எடுக்கிறேன்.

முதல் தாளில் ஐ7 என்று இருக்கிறது, எந்த ஐ7 என்று இல்லை. இந்த விலைக்கு வருவது பெரும்பாலும் ஆபீஸ்களில் கழித்துவிட்ட ஐ7 2600 மாதிரியான சரக்கு. 2600-ல் முதலில் வருகிற 2-தான் தலைமுறை. 2011-ல் வந்தது, நான்கு கரு. அதன் வேலைத்திறனை 100 என்று வைத்தால் இரண்டாவது தாளில் இருக்கிற 5600ஜி, எல்லாக் கருவும் உழைக்கிற வேலையில் சுமார் 300, ஒற்றைக் கரு வேலையில் சுமார் 190. ராமையும் எஸ்எஸ்டியையும் இரண்டாவது தாளுக்குச் சமமாக்கினால் முதல் கம்ப்யூட்டர் 20,000-ஐத் தொடும். அப்போது ஆயிரம் ரூபாய்க்கு 5. இரண்டாவது, பிரித்துச் செய்கிற வேலையில் 7.9, ஒற்றை வேலையில் அதே 5. பழையதை ஒரேயடியாகக் கேவலமாகப் பேச முடியாது, பாருங்கள். டைப் அடிக்கவும் படம் பார்க்கவும் அது இன்னும் ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஒருசிலவற்றைத் தவிர எதையும் ஏற்காது. அந்த போர்டில் இதைவிட ரொம்பப் பெரிதாக வேறெதுவும் மாட்டவும் முடியாது. நான்கு வருஷப் படிப்புக்கு இது வேண்டாம். இரண்டாவது தாளை எடுத்தால் ஒன்று கேளுங்கள்: பி450 போர்டில் 5600ஜி-க்கு ஏற்றபடி பயாஸ் புதுப்பித்துத் தருவாயா என்று. இல்லாவிட்டால் என்னுடைய மூன்று மணி ராத்திரி உங்களுக்கும் வரும். பில் வேண்டாமென்றால் 18 சதவீதம் ஜிஎஸ்டி மிச்சம் என்பார்கள், கேட்காதீர்கள். மூன்று வருஷ வாரன்டி அந்த பில்லில்தான் இருக்கிறது.

இப்போது நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாப்பா எந்த பிராஞ்ச் அண்ணே?

(அவையிலிருந்து: "சிவில்.")

சிவிலா? ஆட்டோகேட், ரெவிட் எல்லாம் வரும். அவை பெரும்பாலும் ஒற்றைக் கருவில் ஓடுகிற வேலைகள். அப்படியென்றால் இரண்டு தாளையும் மடித்துப் பையில் வையுங்கள். திங்கட்கிழமை ரயிலேறும்போது மூன்றாவதாக ஒரு கொட்டேஷன் வாங்குங்கள்: 12100, எச்610 போர்டு, டிடிஆர்4 ராம் 16 ஜிபி. நான்கே கரு. ஆனால் ஒற்றைக் கரு வேகத்தில் 5600ஜி-யை முந்துகிறது, ப்ராசஸர் விலையும் குறைவு. அது இல்லையென்றால் 13100, 14100 எது கிடைத்தாலும் ஏறக்குறைய அதே சரக்கு. பின்னால் எஃப் இருக்கக் கூடாது. மிச்சமாகிற பணத்தை ஒரு நல்ல மானிட்டரில் போடுங்கள், பாப்பா நான்கு வருஷம் கோடு பார்க்கப் போகிறாள்.

முழுப் பெயர் என்னவா? ஐ3 12100.

ஆமாம் அண்ணே, மூன்றுதான்.